கடாரக் கரையில் கவிழ்ந்த கப்பல்

ராகினி ஆசிரியையாகச் சேர்ந்து அது முதல் வருடம். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு எடுத்தாள். இடைக்காலம் என்றாலே அவளுடைய நான்காம் படிவத்துப் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். அதனால், சோழர்கள் கடாரத்துக்குப் படையெடுத்து வந்ததைப் பள்ளி விழாவில் நாடகமாகப் போடலாம் என்றாள். கடாரம் என்பது பக்கத்து மாநிலமான இன்றைய கெடாதான். கொட்டாவி போய்ச் சண்டை வந்தது.

"நான்தான் சோழத் தளபதி. கெடாவையே பிடிச்சோம்லா! கெடாக்காரியா நூருல் என் கால்ல விழுந்து அழட்டும்," என்றான் செந்தில்.

நூருல் விருட்டென்று எழுந்தாள். "எங்கப்பா மலாய்க்காரரு, கெடாவுல மெர்போக் ஊரு. எங்கம்மா தமிழ் முஸ்லிம், நாகூர் வம்சம். நான் எந்தப் பக்கம் நின்னு அழறது? பாதி ஜெயிச்சு, பாதி தோக்கவா?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்குப் போக, கடலைக் கடக்கும் ஃபெரியில் ஏறிய ராகினிக்கு மனசே சரியில்லை. பாடம் நடத்தப் போய், ஒன்றாகத் திரிந்த இரண்டு பிள்ளைகளைப் பிரித்துவிட்டோமே! பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒரு சரக்குக் கப்பல் எதிரே வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் இருவரையும் கூப்பிட்டாள். "படை வந்துச்சு, போயிருச்சு. வியாபாரி அதுக்கு முன்னாடியும் வந்தான், பின்னாடியும் வந்தான். அவனுக்கு இங்க யாரு சோறு போட்டா? எந்தப் பாஷையில பேசிக்கிட்டாங்க? நாடகத்தை நீங்க ரெண்டு பேருமே எழுதுங்க."

முதலில் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நூருல்தான் ஆரம்பித்தாள். "கடைக்கு கெடாய், கப்பலுக்கு காப்பால், பெட்டிக்கு பெத்தி. மலாய்க்காரங்க அப்பவே உங்க பாதி வார்த்தையை வாங்கிட்டாங்க போல!"

"வாங்கினீங்களா, எடுத்துக்கிட்டீங்களா?" என்றான் செந்தில்.

"நீங்க திரும்பக் கேக்கலயே!"

செந்திலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விழாவன்று தமிழ் வியாபாரியாகச் செந்தில், கடாரத்துச் சோற்றுக்கடைக்காரியாக நூருல். அவன் இறங்குவதற்குள் அட்டைக் கப்பல் நடுவில் மடிந்து அவன்மேலேயே சாய்ந்தது. ராகினி திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, காப்பால் போச்சு!" நூருலின் குரல் கணீரென்று கேட்டது. "பரவால்ல, கெடாய்க்கு வாங்க. சாப்பிட்டுட்டு அப்புறம் மூழ்கலாம்!"

அட்டைக்கு அடியிலிருந்து செந்தில் தலையை நீட்டினான். "மீன் கறி இருக்கா?"

அரங்கம் அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் நூருலின் அப்பா. இரண்டாம் பரிசு கிடைத்த கையோடு, வகுப்பு முழுவதையும் மெர்போக்குக்கு அழைத்தார்.

அடுத்த மாதம் போனார்கள். புல்வெளி நடுவே பழங்காலக் கோவிலின் கல் அடித்தளம் இருந்தது. சோழர் வருவதற்கு முன்பே கட்டியதா, பின்பா என்று செந்திலும் நூருலும் மறுபடி மல்லுக்கு நின்றார்கள். ராகினி குறுக்கே போகவில்லை. இந்தமுறை இருவரும் முட்டி போட்டுக் கல்லைத் தொட்டுக் காட்டி அல்லவா சண்டை போட்டார்கள்!