கண்ணாடித் தொட்டியில் ஒரு மகள்

கலியபெருமாள் கையில் மைக் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் அந்த வாயைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. லாஸ்பேட்டை மைதானத்தில் கோடை விடுமுறைக்குப் போட்டிருந்த பொருட்காட்சியில் கடல்கன்னி ஷோவுக்கு அவன்தான் அறிவிப்பாளன். பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் அரியாங்குப்பத்து மேனகா ரப்பர் வாலை மாட்டிக்கொண்டு நீந்துவாள். வெளியே இவன் தேசம் தேசமாகக் கதை அளப்பான்.

ஜப்பானில் கடல்கன்னி மாமிசம் தின்ற ஒருத்திக்கு வயசே ஆகவில்லை என்பான். பிரான்சில் ஒரு சீமான், சனிக்கிழமை மட்டும் குளிக்கும்போது எட்டிப் பார்க்காதே என்று பெண்டாட்டி சொல்லியும் கேளாமல் வாலோடு பார்த்து, அவளைப் பறிகொடுத்த கதை வந்தால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். ஸ்காட்லாந்துக் கடல்பெண்கள் கடல்நாய்த் தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரையேறிக் குடும்பம் நடத்துவார்கள். எல்லாம் செல்போனில் பார்த்துப் பொறுக்கியவைதான்.

வினை வந்தது ரஷ்யாவால்.

"தண்ணியில செத்த பொண்ணுங்க அங்க சாவறதே இல்ல சார்! கடல்கன்னியா மாறி, பெத்தவங்க வந்து கூப்புட மாட்டாங்களான்னு காத்துக்கிட்டே கெடப்பாங்க!"

அந்தப் பின்பாதி எந்த நாட்டிலும் கிடையாது. கூட்டம் உச்சுக்கொட்டட்டும் என்று இவனே ஒட்டவைத்தது. படுபாவி, அத்தோடு விட்டானா? அது எடுபடுகிறது என்று தெரிந்ததும் ஷோவுக்கு ஷோ சொன்னான்.

அப்படி ஒரு ஷோவில்தான் தனக்கொடி நின்றிருந்தாள். அவள் மகள் கவிநிலா காலேஜ் சிநேகிதிகளோடு கடலில் இறங்கியபோது அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. தனக்கொடி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து "கவி" என்றாள். யார் கை வைத்தாலும் உள்ளேயிருந்து கையோடு கை சேர்த்துச் சிரிக்க வேண்டும் என்பது மேனகாவுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. சேர்த்தாள், சிரித்தாள். அன்றிலிருந்து தனக்கொடி ஒரு நாள் தவறாமல் வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டாயா, குளிருதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம் அவள் புருஷன் முருகையன் தனியாக வந்தான். மில் மூடியபிறகு ஆட்டோ ஓட்டுகிறவன். தொட்டி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை.

"ஒடம்பு கெடைக்கலன்னா தர்ப்பையில உருவம் செஞ்சு கொளுத்தணும் தம்பி. நாளைக்குக் காலையில கருவடிக்குப்பம் சுடுகாட்டுல வெச்சிருக்கோம். உசுரோட இருக்கற புள்ளைக்குக் கொள்ளி வெக்கிறியாடான்னு அருவாமனைய எடுத்துக்கினு வரா. நீ சொன்ன கதைதான? பொய்யின்னு நீயே சொல்லிடு. எம்புள்ள நல்லபடியா போய்ச் சேரட்டும்."

 நாமல்லவா இந்த வீட்டில் மண்ணைப் போட்டோம் என்று கலியபெருமாள் தலையில் அடித்துக்கொண்டான். உடனே ஒரு யோசனையும் உதித்தது. பெரிய புத்திசாலி அல்லவா! அந்த அம்மாள் கண் முன்னாலேயே மேனகா வாலைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது விஷயம்.

"வாயால சொன்னா போதாதாண்ணா?" என்றாள் மேனகா.

"வாயால சொல்லித்தான இந்தக் கதி."

மறுநாள் காலை கேட் திறக்கும் முன்பே முருகையன் மனைவியை அழைத்து வந்தான். கலியபெருமாள் மைக் இல்லாமல் அவள் முன்னால் போய் நின்றான்.

"அக்கா, நான் சொன்னதெல்லாம் புளுகு. என்ன செருப்பால அடி. இது ரப்பரு. இவ பேரு மேனகா, இவங்கம்மா அரியாங்குப்பத்துல இட்லிக் கடை வெச்சிருக்காங்க. நல்லாப் பாத்துக்க."

தொட்டியிலிருந்து தூக்கி இறக்கிவிட்ட மேனகா, தரையில் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து வாலைச் சுருட்டிச் சுருட்டிக் கீழே உருவினாள். இரண்டு கால்கள் வெளியே வந்தன. தண்ணீரில் ஊறி வெளுத்து, குளிரில் மயிர்க்கூச்செறிந்த, சாதாரணப் பெண்பிள்ளைக் கால்கள்.

தனக்கொடி கிட்டே போய் உட்கார்ந்தாள். முழங்காலிலிருந்து விரல் வரை தடவிப் பார்த்தாள். முந்தானையால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். அப்பாடா, புரிந்துவிட்டது என்று கலியபெருமாள் மூச்சு விட்டான்.

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். மகள் போனபிறகு அந்த முகத்தில் சிரிப்பை யாரும் பார்த்ததில்லை.

"தோலக் கழட்டிட்டா, பாத்தியா? கழட்டிட்டா கரைக்கு வந்துடுவாங்கன்னு இந்தத் தம்பிதான சொல்லுச்சி! கால் வந்துடுச்சிய்யா எம்புள்ளைக்கு!"

கலியபெருமாளுக்கு ஸ்காட்லாந்துக் கதை ஞாபகம் வந்தது. ஐயோ, அதையும் நான்தானே சொன்னேன்!

"அம்மா, நான் மேனகாம்மா. உங்க பொண்ணு இல்லம்மா," என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"தண்ணியிலயே கெடந்தியே, மறந்துட்ட. வூட்டுக்கு வா, போவப் போவ ஞாபகம் வரும்." தனக்கொடி ஒரு கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்த ரப்பர் வாலைப் புருஷன் பக்கம் தள்ளினாள். "இத மொதல்ல எரிச்சுடு. இருந்தா இவ திரும்பவும் பூடுவா."

முருகையன் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்தான். சுடுகாட்டில் அய்யர் வந்துவிட்டார், உருவத்தைக் கிடத்தியாகிவிட்டது, கொள்ளி வைக்க நீதான் பாக்கி என்று மச்சான் கத்துவது எல்லோருக்கும் கேட்டது.

கலியபெருமாள் அவன் தோளைப் பிடித்தான். "போங்கண்ணா. இங்க நான் பாத்துக்கறேன். நீங்க போய் முடிச்சிட்டு வாங்க."

முருகையன் நகரவில்லை. முந்தின நாள் தொட்டிப் பக்கமே திரும்பாதவன், இப்போது மேனகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கொளுத்தாதீங்கடா," என்றான் போனில். "பாப்பா வந்துட்டா."