முங்கிப்போன சொத்து

ஊரே கூடி மழைக்கஞ்சி காய்ச்சி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டபோது, விருமாண்டி மட்டும் இரண்டு சொம்பு கஞ்சியைக் குடித்துவிட்டு, "அழகரே, வெள்ளரி எடுத்து முடியட்டும், அவசரப்படாதீக" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற மகன் பாண்டியராஜனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்ன செய்ய? அணை வற்றினால்தான் அவர்களுக்கு நிலம். மூன்று வருஷ வறட்சியில் காய்ந்த அணைக்குள் இறங்கி, வண்டலைக் கீறி வெள்ளரி போட்டுத்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. மழை பெய்தால் நிலம் தண்ணீருக்குள் போய்விடும்.

அந்த நிலத்தைத்தான் விருமாண்டி கல்யாணப் புரோக்கரிடம், "நல்ல வண்டல் பூமி. கிணறே வேணாம், ஈரம் தானா நிக்கும்" என்று சொல்லிவைத்திருந்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

பெண் கோச்சடையில். பெயர் சுபலட்சுமி. கம்ப்யூட்டர் வேலை என்று புரோக்கர் சொல்லியிருந்தார். பாண்டியராஜன் அவளை ஏற்கெனவே பார்த்திருக்கிறான். பரவை மார்க்கெட்டில் அவனுடைய லோடு ஆட்டோவிலிருந்து ஒரு வெள்ளரிப் பிஞ்சை எடுத்துக் கடித்து, "கசக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டு, கசந்ததை முழுசாகத் தின்றபடியே போனவள். கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். அந்த 'அண்ணே'யை மட்டும் அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பெண் பார்க்கப் போன அன்று அல்வாவும் காராச்சேவும் வந்தன. பெண்ணின் அப்பா காசிமாயன் மீசையை நீவியபடி, "மகளுக்கு ஊருக்கு வெளிய ஒரு வீட்டு மனை குடுக்கிறேன். மேடு பள்ளம் கெடையாது. தட்டுல ஊத்துன அல்வா மாதிரி சமதளம்" என்றார்.

சுபலட்சுமி காபியைக் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்தாள். கையில் போன்.

"மாமா, உங்க தோட்டம் எந்தப் பக்கம்? வானத்துல இருந்து பாத்துக்கிறேன்."

விருமாண்டி சிரித்தார். "தாராளமாப் பாரு தாயி."

செயற்கைக்கோள் படங்களை வைத்து வறட்சியை அளப்பதுதான் அவளுடைய கம்ப்யூட்டர் வேலை என்பது அவருக்குத் தெரியாது. போனை எல்லோருக்கும் நடுவில் வைத்தாள். அவ்வளவு பெரிய அணை, மேலிருந்து பார்க்கையில் வழித்துத் தின்ற கஞ்சிக் கிண்ணமாகத் தெரிந்தது. அடியில் கொஞ்சம் நீலம். ஓரத்தில் ஒரு பச்சை.

"அந்தப் பச்சை எங்களுது!" என்றார் விருமாண்டி பெருமையாக.

அவள் விரலால் தள்ளத் தள்ள வருஷங்கள் பின்னால் போயின. நாலு வருஷத்துக்கு முந்தைய படம் முழுக்க நீலம்.

"அப்ப உங்க தோட்டம் எங்க மாமா?"

"அப்ப... பயிர் போடலை தாயி."

"மீன் போட்டீகளோ?"

விருமாண்டி காபியை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். பாண்டியராஜன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். காரியம் கெட்டது. இனி மறைத்து என்ன லாபம்?

"அது அணைக்குள்ள இருக்க எடந்தாங்க. மழை பேஞ்சா முங்கிரும். எங்களுக்குன்னு ஒரு லோடு ஆட்டோவும் ஓட்டு வீடுந்தான்" என்றான்.

காசிமாயன் துண்டை உதறி எழுந்தார். "தண்ணிக்குள்ள கெடக்குற எடத்தைக் காட்டியா என் மகளக் கேக்க வந்தீக?"

"அப்பா, கோவப்படாதீங்க. நீங்க குடுக்கிற மனையும் இந்தா இருக்கு."

படத்தைக் கிழக்கே நகர்த்தினாள். பொட்டல் வெளி. விரலால் தள்ளினாள். நாலு வருஷத்துக்கு முன் அது கரை ததும்பும் கண்மாய். மனை நட்டநடுவில்.

காசிமாயன் உட்கார்ந்துவிட்டார். விருமாண்டிதான் முதலில் சிரித்தார். "சம்பந்தி, பத்துப் பொருத்தமும் பாத்தோம். இது பதினோராவது!"

வேறு வழியில்லாமல் காசிமாயனும் சிரித்தார். சுபலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. பாண்டியராஜனைப் பார்த்து, "மழை பேயட்டும். ரெண்டு சொத்தும் முங்கட்டும். அதுக்கப்புறமும் நான் வேணும்னா வாங்க" என்றாள். வாசல்வரை வந்தவள், "அன்னைக்குக் கசந்துச்சே, அது இந்தத் தோட்டத்து வெள்ளரிதானா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு வேண்டுதல். அப்பா மழை வேண்டாம் என்றார், மகன் வேண்டும் என்றான். அழகர் யார் பேச்சைத்தான் கேட்பார்? வெள்ளரி எடுத்து முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, ஐப்பசியில் கொட்டித் தீர்த்தார்.

மேகம் விலகிய நாளில் சுபலட்சுமியிடமிருந்து படம் வந்தது. அணை நீலம், கண்மாய் நீலம். கீழே ஒரு வரி: "ரெண்டும் முங்கிருச்சு. ஆளக் காணோம்?"

பாண்டியராஜன் ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினான். விருமாண்டி பச்சையைத் தேடி நீலத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். உள்ளபடியே அவருக்கு நெஞ்சு கனத்துப்போயிற்று.

"எல்லாம் போச்சேடா. இனி என்னத்தச் சொல்லிப் பொண்ணு கேக்குறது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. வெள்ளை வேட்டியக் கட்டிக் கெளம்புங்க."

விருமாண்டி வேட்டியைக் கட்டினார், செருப்பை மாட்டினார், படியில் நின்று இன்னொரு தரம் போனை வாங்கிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஏன்டா, மீன் போட்டிருக்கோம்னு சொன்னா என்ன?"