சுண்ணம் பூசிய கல்லறை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. பிராங்பேர்ட் நகரின்மேல் பனியோடு கலந்த நுண்மழை, பெய்வதா நிற்பதா என்னும் துணிவின்றித் தூவிக்கொண்டிருந்தது. ஊர்மதிலுக்குள் இறந்தோர்க்கு இடம் போதாமையால் முந்தைய நூற்றாண்டின் மக்கள் வயல்வெளியில் வகுத்த பெரும் இடுகாடு, வணிகரும் படைத்தலைவரும் தத்தம் பெருமையைச் செந்நிறக் கல்லிற் செதுக்கி நிறுத்திய மாடங்களோடும், பின்வந்த போர்கள் கொண்டுவந்து கிடத்திய நெடிய வரிசைகளோடும், இலையுதிர்ந்த மரங்களின்கீழ் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. கற்றோர் ஒன்றை நினைவிற் கொள்க: அந்நாட்டில் கல்லறை நிலம் தவணைக்கே கிடைக்கும், தவணை முடிந்தால் கல் அகற்றப்படும், மண் வேறொருவர்க்கு உரியதாகும். குழந்தையர்க்கோ தவணை இன்னும் குறுகியது.

அவ்வாறு தவணை முடிந்த சிறுகல்லறை ஒன்று, யோசப்பின் என்னும் பெண்மகவுடையது. போருக்கு அஞ்சி மன்னாரினின்று வந்த பென்ஜமினும் அவர் மனைவி மரியமலரும், இந்நகரில் கண்ட முதற்குளிரில் ஈன்று, அக்குளிரிலேயே இழந்த மகவு அது. நீட்டிப்பு வேண்டி அவர்கள் ‘அன்ராக்’ என அந்நாட்டார் கூறும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தனர். ஆணை பிறக்குமுன் பென்ஜமின் ஒரு பிழை செய்தார். இறந்தோர் திருநாளன்று, தம் ஊர் வழக்கப்படி மகவின் கல்லுக்கு வெண்சுண்ணம் பூசியவர், வாளியில் எஞ்சியதை வீணாக்க மனமின்றி, அருகே பாசியேறிக் கருத்துக் கேட்பாரற்றுக் கிடந்த வணிகர் ஒருவரின் வேலைப்பாடமைந்த கல்லறைக்கும், அதன்மேற் சிறகு விரித்து நின்ற வானவரின் மூக்குநுனி ஈறாக, உவந்து பூசி முடித்தார். அதுவோ நகரம் காத்துவரும் தொல்பொருள். ஒழுங்கு மீறியோர்க்கு நீட்டிப்பை மறுக்கும் உரிமை இடுகாட்டு அலுவலகத்திற்கு இருந்தது.

அவ்வலுவலகத்தின் தாழ்வாரத்தில் இருவரும் காத்திருந்தனர்.

"எத்தினை தரம் சொன்னனான், அன்ராக் குடுத்தாப் பிறகு ஒண்டிலையும் கை வையாதேங்கோ எண்டு," என்றார் மரியமலர்.

"பக்கத்திலை மனிசன் கறுத்துக் கிடக்க, எங்கடையை மட்டும் வெள்ளையடிச்சுப்போட்டு வாறதே? ஊரிலை அப்பிடிச் செய்வமே?"

"ஓம், அவர் நூறு வருசமா உங்கட வாளியைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவராக்கும். எங்கட பிள்ளையைக் கிளப்பிவிட்டால் அவரோ இடம் தரப்போறார்?"

கதவுக்கு அப்பால் தட்டச்சுப் பொறியின் ஒலி எழுந்து ஓயுந்தோறும், மரியமலரின் நெஞ்சம், புயலுக்குமுன் கட்டுக்கயிற்றில் இழுபடும் தோணிபோல் ஆடிற்று.

நரைத்தலை அம்மையாராகிய அதிகாரி உள்ளே அழைத்தார். பென்ஜமின் அமராது நின்று, தாம் கற்ற அளவு செருமானிய மொழியில், "பிழை என்னுடையது, பிள்ளைக்கு அதில் பங்கில்லை" என்றார்.

"முறையிட அவ்வணிகரின் குடியில் எவரும் எஞ்சவில்லை," என்றார் அதிகாரி. "ஆயினும் அது வீட்டுச்சுவரன்று. மென்தூரிகையும் நீரும் கொண்டு, எங்கள் கற்றச்சர் மேற்பார்க்க, நீங்களே கழுவித்தர வேண்டும்."

"கழுவுவேன்."

"மகவின் கல்லறை பத்தாண்டு நீட்டிக்கப்படுகிறது."

"அதுக்குப் பிறகு என்னவாம் எண்டு கேளுங்கோ," என்றார் மரியமலர். கணவர் கேட்டார்.

"அதற்குப் பின் இல்லை."

"அப்ப அந்த வணிகருக்கு மட்டும் தவணை இல்லையோ?"

அதையும் பென்ஜமின் மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதுகோலைச் சற்றே நிறுத்தினார். "அங்கே காக்கப்படுவது கல், அம்மையீர். அதனடியில் இருப்பவரை எவர் நினைக்கிறார்?"

நினைப்பாரின்றி நிலைக்கும் கல்லும், நினைப்பார் இருந்தும் நிலைக்க மண்ணில்லா மகவும் ஒரே வேலிக்குள் கிடக்கும் உலகில், பத்தாண்டென்பது போதாத ஒன்று, ஆயினும் சிறிதன்று. அதிகாரி ஒப்பமிட்டு, மை உலரும்வரை பொறுத்து, ஆணையை நீட்டினார். மரியமலர் எழுந்து வாங்கிக்கொண்டார்.