பயணம் சொல்லியாச்சு

முகமது அஸ்வருக்கு வேலை கிடைத்த செய்தி ஜெகதாப்பட்டினம் முழுக்கப் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. சும்மா வேலையா? பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை! தங்க இடம், சாப்பாடு, பிளேன் டிக்கெட் எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமாம். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று அவனுடைய வாப்பா ஹாஜா முகைதீன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவர் ஐஸ் பிளான்ட்டில் மெஷின் பார்ப்பவர். மகன் மீன்பிடி போட்டில் ஏறிவிடக் கூடாது, நடுக்கடலில் பிடிபட்டு அந்நிய நாட்டு ஜெயிலில் கிடக்கக் கூடாது என்பதுதான் அவருக்கு ராப்பகலாக இருந்த பயம். அது தீர்ந்ததென்று நினைத்தார், பாவம்.

வேலை ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. பி.காம். முடித்துவிட்டுச் சும்மா கிடந்த அஸ்வர், பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு யூடியூப் பார்த்தே பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தான். திரையில் தன் பெயரை வரவைக்கவே முதல் நாள் முழுக்கப் போனது. அப்புறம் வேரியபிள், இஃப், லூப், ஃபங்ஷன். வரிக்கு முன்னால் விடுகிற இடம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் எல்லாம் படுத்துவிடும். அந்தச் சனியனோடு மல்லுக்கட்டி, மீன் ஏலத்துக்கு ஒரு சின்னப் புரோகிராம் எழுதி ஓடவிட்டபோது அவனுக்கே அவன்மேல் மரியாதை வந்தது.

கூட உட்கார்ந்து படித்த சின்ன வயதுக் கூட்டாளி சிராஜ் லூப்போடு நின்றுவிட்டான். "இது சுத்துற சுத்துல எனக்கு மண்டை சுத்துதுடா, ஆளை விடு" என்று எழுந்து போனவன்தான், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஆன்லைனில் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தபோது போனில் பேசியவர் பெயர் சார்லஸ். நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. பைத்தானைப் பற்றி இரண்டே கேள்விதான் கேட்டார். டைப்பிங் எவ்வளவு வேகம், பொறுமையாகப் பேசத் தெரியுமா, முன்பின் தெரியாதவர்களோடு சாட் பண்ணிப் பழகுவாயா என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் ஒரு டெஸ்ட் வைத்தார். பெயரைக் கொடுத்தால் அதில் எத்தனை எழுத்து என்று புரோகிராம் சொல்ல வேண்டும். தமிழ்ப் பெயருக்கும் சரியாகச் சொல்ல வேண்டும். அஸ்வர் ஒரே மூச்சில் எழுதி அனுப்பினான். மறுநாளே பதில் வந்தது.

"தம்பி, பிரமாதம்! நம்ம டீம்ல தமிழ்ப் பேராப் போட்டுப் போட்டுப் பாத்தாங்க, ஒண்ணுகூடத் தப்பில்ல. ஒங்களோட யாராச்சும் பசங்க இருந்தாச் சொல்லுங்க, அவங்களையும் எடுத்துக்கலாம்."

அஸ்வர் சிராஜின் நம்பரைக் கொடுத்தான். சிராஜுக்கு டெஸ்ட்டே கிடையாது, நேராக வேலை! லூப்புக்கே தலை சுற்றியவனுக்கு எந்தக் கம்பெனிக்காரன் வேலை கொடுப்பான்? அஸ்வருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வந்தால் போதும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கும் தலையாட்டினான். ஆசை வந்துவிட்டால் அறிவுக்கு அங்கே என்ன வேலை? சிராஜிடம் பாஸ்போர்ட் தயாராக இருந்ததால் அவன் முதலில் பறந்தான். அஸ்வருக்குப் பாஸ்போர்ட் வரத் தாமதமானது.

அது வந்ததும் ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னான். வெளிநாடு போகிறவன் இப்படிச் சொல்லிக்கொண்டு ஆசியும் துஆவும் வாங்கிவிட்டால் போனது போனதுதான். பயணம் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருக்கிறவனை ஊர் லேசில் விடாது, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

கிளம்புகிற அன்று மதியம் லுஹர் தொழுகை முடிந்தது. திருச்சிக்குப் போகக் கார் வந்து நின்றது. உம்மா ரசியா பேகம் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி சுமையா, இனிமேல் தனக்குத்தான் என்று வந்துவிட்ட லேப்டாப்பை மடியில் வைத்து நோண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"காக்கா, ஒன் டெஸ்ட் புரோகிராமு என் பேருக்கு ஆறு எழுத்துங்குது! சு-மை-யா, மூணுதானே?"

"ஒழுங்கா அடி."

"ஒழுங்காத்தான் அடிச்சேன். ஒன் பேருக்கும் ஆறுங்குது. அ-ஸ்-வ-ர், நாலுதானே?"

அஸ்வர் லேப்டாப்பைப் பிடுங்கினான். அட மடையா! சு என்பது நமக்கு ஓரெழுத்து. கம்ப்யூட்டரோ 'ச'வைத் தனியாகவும் அதன் உகரக் குறியைத் தனியாகவும் எண்ணுகிறது. அவன் ஆங்கிலப் பெயர்களைப் போட்டுப் பார்த்ததோடு சரி, தமிழில் ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. தப்பு செய்தது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்குப் பின்னாலேயே வேறொரு கேள்வி வந்தது. தமிழ்ப் பெயராகப் போட்டுப் பார்த்தோம் என்றார்களே?

சார்லஸுக்குப் போன் போட்டான்.

"சார், ஒரு சந்தேகம். என் புரோகிராம்ல சுமையான்னு தமிழ்ல போட்டுப் பாருங்களேன்."

"ஒரு நிமிஷம் தம்பி." கீபோர்டு தட்டுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. "ஆங், போட்டுட்டேன். மூணுன்னு கரெக்டா வருது. கெளம்பியாச்சா? பாங்காக் ஏர்போர்ட்ல நம்ம ஆளு நிப்பாரு, பாஸ்போர்ட்டை அவர்ட்ட குடுத்துருங்க."

போட்டே பார்க்கவில்லை என்று அஸ்வருக்குத் தெரிந்துவிட்டது. இவர்களுக்குத் தேவை புரோகிராம் எழுதுகிறவன் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களை சாட்டில் ஏமாற்றவா ஆள் எடுக்கிறார்கள்? சிராஜைக் கூப்பிட்டான். வெகுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தான்.

"வணக்கம் அஸ்வர். எப்படி இருக்கிறீர்கள்?"

பிறந்ததிலிருந்து "டேய்" என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசாதவன் சிராஜ். சலாம் சொல்ல வேண்டிய வாய் வணக்கம் சொல்கிறது.

"டேய், என்னடா பேச்சு இது?"

"இங்கே எல்லாம் மிகவும் நன்றாக இருக்கிறது. நீங்களும் சீக்கிரம் வாருங்கள்."

அஸ்வர் குரலைத் தாழ்த்தினான். "மச்சான், பக்கத்துல யாரும் நிக்கிறாங்களா?"

"ஆமாம். சாப்பாடும் நன்றாக இருக்கிறது."

பின்னால் யாரோ அதட்டுவது கேட்டது. லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

வாசலில் வாப்பா பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அஸ்வர் போய் அவர் கையைப் பிடித்தான். "வாப்பா, நான் போகல" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். அவருக்குப் பாதிதான் புரிந்தது.

"ரெண்டு மூணு எழுத்து கூடுனதுக்கா? ஊரெல்லாம் பயணம் சொல்லியாச்சேடா! நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவேன்?"

"வாப்பா, சிராஜு என்னை வாங்க போங்கன்னு பேசுறான்."

அது அவருக்கு முழுதாகப் புரிந்தது. பெட்டியைக் காரிலிருந்து கீழே இறக்கினார்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையிலிருந்து செய்யதம்மாள் மாமி ஓட்டமும் நடையுமாக வந்தாள். சிராஜைப் பெற்றவள். கையில் ஒரு பொட்டலம்.

"நல்லவேள, கார் இன்னும் கெளம்பல! பொரிச்ச நெத்திலிப்பா. அங்கிட்டுச் சோறு எறங்காது அவனுக்கு. மறந்துறாம குடுத்துரு."

"மாமி, நான் போகல."

மாமி அவனைப் பார்த்தாள். ஹாஜா முகைதீனைப் பார்த்தாள். இரண்டு பேருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"போகாட்டி இருக்கட்டும்பா. அவனையும் வந்துரச் சொல்லு. நீ கூப்புட்டுத்தானே போனான், நீ சொன்னா வந்துருவான்."