பாரிசிலிருந்து வந்த நொச்சி

"கொழம்புல வாசனையே இல்ல. பழைய மீனைத் தலையில கட்டிட்டா அந்தம்மா" என்று தட்டைத் தள்ளினார் என் கணவர் தட்சிணாமூர்த்தி. கடலோரக் கனகசெட்டிக்குளத்திலிருந்து எங்கள் சாரம் பகுதிக்கு வந்து விற்கும் சின்னப்பாப்பாவின் மீன் அது. எனக்கு வீடெல்லாம் மணத்தது. மறுநாள் அவருக்குக் காய்ச்சல்.

கொரோனா இரண்டாம் அலை. நொச்சித்தழையில் ஆவி பிடித்தால் போதும், ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் சாவு என்று தெருமுனை கன்னியப்பன் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தான். இவர் இருமிக்கொண்டே சிரித்தார். "பஞ்சர் ஒட்டுறவன்லாம் வைத்தியம் சொல்ல வந்துட்டான்."

அதே பேச்சு, ஒரு சொல் மாறாமல், சில நாளில் பாரிசிலிருந்து வந்தது. அனுப்பியவர் என் மச்சாண்டார், இவருடைய அண்ணன் அருள்முருகன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவர். அங்கே ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். அவர் வாயைத் திறந்தால் எங்கள் குடும்பத்துக்குப் பிரான்சு அரசாங்கமே பேசிய மாதிரி.

வீடு வீடாக வந்த நர்ஸ் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். "ஆக்சிஜன் எறங்குது. இன்னிக்கே ஆஸ்பத்திரில சேத்துடுங்க."

இவர் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார்.

"போவாத தம்பி. இங்க டாக்டருங்களே சொல்றாங்க, நொச்சிதான்."

"பாரிசுல நொச்சி எங்க மாமா மொளைக்குது?" என்றேன்.

அவர் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்ப, நான் விடவில்லை.

"நீங்க ஊசி போட்டுக்கினீங்களா?"

"இங்க ஓசிதானம்மா. மொத ஆளா போட்டுக்கினேன்."

போனை வைத்ததும் சொன்னேன்: "இது கன்னியப்பன் சொன்னதுங்க."

"அவன் சொன்னா ஒளறல். அண்ணன் பிரான்சுலேருந்து சொல்லுது."

இரண்டு நாள் போர்வைக்குள் ஆவி பிடித்தார். மூன்றாம் நாள் நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஏற்றும்போதே மூச்சு நின்றுவிட்டது.

வருஷத் திதிக்கு மச்சாண்டார் சென்ட் பாட்டில்களோடு வந்தார். "எல்லாம் விதிம்மா" என்றார். வெயில் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு முறை இருமினார். உடனே ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

"கொல்லையில நொச்சி நிக்குது மாமா, ஒடிச்சிட்டு வரட்டுமா?"

"சும்மா இரும்மா, ஒடம்பு விஷயம். ஸ்கேன் எடுத்துப் பாத்துடறேன்."

ஸ்கேனில் ஒன்றுமில்லை. சளி மாத்திரையோடு திரும்பியவர், வாசலில் நின்றபடியே குடும்பக் குழுவுக்கு ஒரு கஷாயக் குறிப்பு அனுப்பினார். சிறுசுகள் முதல் பெரியவர்கள் வரை எல்லோரும் கை கூப்பினார்கள்.

சின்னப்பாப்பா இன்றும் வருகிறாள். அவள் கூடையில் இருப்பது அன்றன்று பிடித்த மீன். இவர் தட்டைத் தள்ளிய அன்றைக்கும் அப்படித்தான்.