தங்கையின் வகுப்பில் ஒரு வருஷம்

ஒன்பதாம் வகுப்பில் பெரியவள் கணக்கில் வாங்கிய முப்பத்தொன்றுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் எதுவும் கிடையாது. வீட்டில் நோய் நொடி இல்லை, சண்டை சச்சரவு இல்லை. அம்மா பல் செட் செய்யும் பட்டறையில் இருந்தாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பெரியவள் வாய் கெட்டிக்காரி, எதையும் பேசிச் சமாளித்துவிடுவாள். ஆனால் எக்ஸும் ஒய்யும் பேச்சுக்கு மசியவில்லை. முதல் நாள் ஒன்று புரியாமல் போனது. கேட்க வெட்கமாக இருந்தது. அதன் மேல் அடுத்த பாடம், அதற்கு மேல் இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போய், பத்தாம் வகுப்பு முடிவதற்குள் மற்றப் பாடங்களும் நொண்ட ஆரம்பித்திருந்தன.

அதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை. அந்த விடுமுறையில் அம்மாவோடு பட்டறைக்குப் போகும் வரைக்கும்தான் அந்த நிம்மதி. பல் அச்சு வார்க்கும் அறைக்கு அடுத்த அறையில் செயற்கைக் கால் பொருத்துவார்கள். ஒரு நாள் அங்கே ஒரு தபால்காரர் புதுக் காலோடு எழுந்து நின்றார். கம்பியைப் பிடித்தபடி மூன்று அடி வைத்தார். நான்காவது அடிக்குக் கம்பியை விட்டார். யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். வாசலில் வாளியோடு நின்ற பெரியவள், வாளியிலிருந்த அச்சுச் சாந்து இறுகிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

செயற்கைக் கால் செய்து பொருத்தும் அந்த வேலைக்குக் கல்லூரியில் தனிப் படிப்பு இருந்தது. பள்ளி திறந்ததும் அவள் மேற்படிப்பு ஆலோசகரின் அறைக்குப் போனாள். அவர் மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை பார்த்தார்.

"நாலு வருஷ மார்க்கையும் பார்ப்பாங்கம்மா. பழசை அழிக்க முடியாது. பக்கத்துல புதுசா ஒண்ணு எழுதலாம்."

இயற்பியல், உயிரியல் இரண்டையும் எடுக்க வேண்டும், சுலபமான பாடமாகப் பார்த்து ஓடக் கூடாது, சனிக்கிழமைகளில் பட்டறைக்குப் போவதை விட வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து அந்தக் கணக்கை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும் என்பதைக் கடைசியாகத்தான் சொன்னார். அவளுடைய நேரத்துக்கு ஒத்துவந்தது மூன்றாவது பீரியட் மட்டுமே. அந்த வகுப்பில் இருந்தாள் அவளுடைய தங்கை.

சின்னவளை அவள் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொடிசு என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பொடிசுக்குப் பக்கத்தில் போய் உட்காருவதா? இரண்டு நாள் அந்த வகுப்புப் பக்கமே போகவில்லை. அம்மா ஒன்றும் வற்புறுத்தவில்லை. உனக்கு வேணும்னா போ, வேண்டாம்னா வேற படிப்பு பாரு என்றதோடு விட்டுவிட்டாள். அதுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் அந்த வகுப்பின் வாசலில் போய் நின்றாள். உள்ளே இருந்த எல்லாரையும்விட அவள் ஒரு தலை உயரம். கடைசி பெஞ்சிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த சின்னவள் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"எங்க அக்கா. என்ன இப்போ?"

பிறகு பக்கத்து இடத்திலிருந்த தன் பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கணக்கு டீச்சர் பெரியவள் பக்கம் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அந்த டீச்சர் வருஷம் முழுக்க அவளுக்குச் சலுகை காட்டவும் இல்லை, குத்திக் காட்டவும் இல்லை.

முதல் தேர்வில் பெரியவளுக்கு நாற்பத்தாறு. அன்று சாயங்காலம் சின்னவள் நோட்டும் கையுமாகச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். தனக்கு இந்தக் கணக்கு மண்டையில் ஏறவில்லை, நீ சொல்லித் தாயேன் என்றாள். பெரியவளுக்கும் அது தெரியாது. ஆனால் தங்கையிடம் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? புத்தகத்தைப் புரட்டி, அடித்துத் திருத்தி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி விடையைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாளும் வந்தாள் சின்னவள். அதற்கு மறுநாளும் வந்தாள். பெரியவள் டீச்சர் பாத்திரத்தை ரசித்துச் செய்தாள். இவ்வளவு மக்காக இருக்கிறாயே என்று செல்லமாகத் தலையில் தட்டக்கூட ஆரம்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, அழிப்பான் தேடி அவள் சின்னவளின் பையைத் திறந்தபோது இன்னொரு நோட்டு கிடைத்தது. அன்றைக்குச் சொல்லித் தரச் சொன்ன கணக்கு அதில் முந்தின நாள் தேதியிட்டு, ஒரு திருத்தல் இல்லாமல் போட்டு முடித்திருந்தது. முன்பக்கங்களைப் பார்த்தாள். எல்லாமே அப்படித்தான். அத்தனை தட்டையும் வாங்கிக்கொண்டு இந்தப் பொடிசு எப்படித்தான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ! பெரியவள் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சின்னவள் வந்து தனக்கு இது புரியவில்லை என்றதும், வழக்கம்போலவே முதல் வரியிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். தலையில் மட்டும் தட்டவில்லை.

வருஷக் கடைசியில் கணக்கில் எண்பத்து நாலு. உயிரியலில் அதைவிட இரண்டு கூட. இயற்பியல் மட்டும் எழுபதைத் தாண்ட மறுத்தது.

அடுத்த வருஷம் விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. இல்லாத கஷ்டத்தை எழுதாதே, நடந்ததை எழுது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். பிழை திருத்த வீட்டில் ஒரே ஆள்தான் உண்டு. சின்னவள் பென்சிலோடு படித்துக்கொண்டே வந்து மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டாள். அந்த இன்னொரு நோட்டைப் பற்றி அங்கேதான் எழுதியிருந்தது. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லிக்கொடுத்துட்டே இருந்தே?"

"சொல்லிக்கொடுத்தாதானே எனக்குப் புரிஞ்சுது."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இந்த இடத்தில் ஒரு காற்புள்ளி வேண்டும் என்றாள்.

முதலில் விண்ணப்பம் போட்ட கல்லூரி இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தது. அன்று அப்பா வேலையிலிருந்து சீக்கிரம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கல்லூரி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அங்கே ஓர் அம்மாள், ஒன்பதாம் வகுப்பில் என்ன ஆயிற்று என்று நேராகவே கேட்டார். புரியவில்லை, கேட்க வெட்கம், அதனால் விட்டுவிட்டேன் என்றாள் பெரியவள். இப்போது புரியாவிட்டால் என்ன செய்வாய் என்றார் அவர். சின்னவங்ககிட்டகூடக் கேட்பேன் என்றாள். அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது.

பெரியவள் ஆலோசகரிடம் நன்றி சொன்னாள். கணக்கு டீச்சரிடம் சொன்னபோது, நீதானே படித்தாய் என்று அவர் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டார். சின்னவளிடம் மட்டும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் கல்லூரி இருந்த ஊருக்குக் கிளம்பும் நாளில், பேருந்து நிலையத்தில் அம்மாவும் அப்பாவும் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, தங்கையின் கையைப் பிடித்து முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சின்னவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. போ, போய் நல்லபடியா படி என்று அக்காவை விரட்டினாள்.