இறந்தவர் பங்கு

மடத்தில் ஒரு துறவி செத்தால், அவருடைய ரொட்டி, அவரைக்கூழ், ஒரு குவளை திராட்சை ரசம் எல்லாம் முப்பது நாளைக்கு வாசலில் நிற்கும் ஓர் ஏழைக்குப் போகும். வாங்குகிறவர் செத்தவரின் பெயரைச் சொல்லி அவருடைய ஆன்மாவுக்காகச் செபிக்க வேண்டும். பிரான்சில் பர்கண்டிப் பக்கத்தில் இது பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பஞ்சத்தில் அது மனிதர்களை என்ன பாடு படுத்தும் என்று, அதை ஏற்படுத்திய புண்ணியவான்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பயிரெல்லாம் மழையில் அழுகிப்போன அந்த வருஷம், அமெலின் தினமும் மடத்து வாசலில் நின்றாள். வீட்டில் அவள் மகள் ஐசா எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் வைக்கோலில் கிடந்தாள். எல்லோருக்கும் போடும் ரொட்டித் துண்டு ஒரு வாய்க்குக் காணாது. ஒரு முழுப் பங்கு கிடைத்தால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். தானம் கொடுக்கும் கார்னியே சாமியின் காலில் விழுந்து, அடுத்த பங்கு தனக்குத்தான் என்று வாக்கு வாங்கியிருந்தாள்.

அப்புறம் காத்திருந்தாள். எதற்கு என்று சொல்ல வாய் கூசியது. பக்கத்தில் நிற்கும் பெரோனெலுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

"என்னடி, உள்ள ஒருத்தன்கூட இரும மாட்டேங்குறான்! எல்லாம் தின்னுட்டு கல்லுக்குண்டாட்டம் இருக்கானுங்க."

"வாயக் கழுவுக்கா."

"ஆமா, நீ மட்டும் அவங்க நல்லா இருக்கணும்னா வேண்டிக்கிற?"

முந்தின நாள்தான் அமெலின் மாதா சிலை முன்னால் முழங்காலிட்டு, 'கிழச் சாமியாருங்கள்ல ஒருத்தர எடுத்துக்க தாயே, அவங்க வாழ்ந்து முடிச்சவங்கதான' என்று வேண்டியிருந்தாள். கிழவர் என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தைய பஞ்சத்தில் மூத்தவன் திபோவை இதே மடத்துக்குத்தான் துறவியாக நேர்ந்துவிட்டிருந்தாள். சடங்குப்படி அவன் கையைப் பீடத்துணியில் சுற்றி ஒப்படைத்துவிட்டு வந்தவள், அதற்குப் பிறகு அவனைப் பார்த்ததில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்கும்போதெல்லாம், அதில் ஒரு குரல் அவனுடையது என்று நினைத்துக்கொள்வாள். அவனாவது வயிறாரச் சாப்பிடுகிறான் என்ற நினைப்பில்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

மறுநாள் காலையில் உள்ளே மரப்பலகையைத் தட்டும் சத்தம் படபடவென்று கேட்டது. ஒருவருக்கு உயிர் பிரியப்போகிறது, எல்லோரும் ஓடி வாருங்கள் என்று தட்டுவது அது. வாசலில் நின்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அமெலினுக்கும் கை நெற்றிக்குப் போனது. வெட்கங்கெட்ட வயிறு மட்டும் உடனே இரைந்தது.

மதியம் கார்னியே சாமி கூடையோடு வந்தார். அமெலினைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் பெரோனெலிடம் போனார்.

"சாமி! எனக்குன்னு சொன்னீங்களே!"

"அடுத்தது உனக்கும்மா. இது வேண்டாம்."

"அடுத்தது எப்ப வரும்? அதுவரைக்கும் எம்புள்ள தாங்குமா?" ஓடிப்போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டாள். "கடவுள் வாசல்ல நின்னு குடுத்த வாக்கு சாமி இது!"

"சொன்னாக் கேளும்மா. விடு."

"விடமாட்டேன். யாருக்காக செபிக்கணும்? பேரச் சொல்லுங்க."

கூட்டம் முழுவதும் அவரையே பார்த்தது. அவருடைய பிடி தளர்ந்தது.

"காய்ச்சல்மா. போன ஞாயித்துக்கிழமைகூட நல்லாத்தான் பாடினான்." கூடையிலிருந்து கையை எடுத்தார். "திபோ."

பெரோனெல் அவள் தோளைப் பிடித்தாள். அமெலின் அழவில்லை. கூடையை மட்டும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து, ரொட்டியைத் திராட்சை ரசத்தில் ஊறவைத்து மகளுக்கு ஊட்டினாள். இரண்டு வாய் விழுங்கிய பிறகு ஐசாவுக்குப் பேச்சு வந்தது.

"யாரோட பங்கும்மா? செபிக்கணும்ல?"

"முதல்ல தின்னு."

"பேரு சொல்லும்மா."

"உங்க அண்ணன் பேரச் சொல்லுடி," என்றாள் அமெலின். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மாதா சிலைப் பக்கம் அவள் அப்புறம் போகவே இல்லை. மடத்து வாசலுக்கு மட்டும் மறுநாளும் போனாள். முப்பது நாளும் போனாள். ஐசா பிழைத்துக்கொண்டாள்.